எட்டு கிலோபைட்டுப் பூட்டு



தம்பி அனுப்பிய கட்டுரையின் இரண்டாம் பத்தியில், ஐபிஎம் நிறுவனம் தன் கணினியின் வடிவமைப்பை உலகுக்குத் திறந்து கொடுத்ததால் வென்றது என்றும், ஆப்பிள் நிறுவனம் மூடி வைத்ததால் தோற்றது என்றும் எழுதப்பட்டிருக்கிறது. ஒரே மூச்சில் சொல்லப்பட்ட இவற்றுள் ஐபிஎம் திறந்து கொடுத்தது என்பது பாதி உண்மை, ஐபிஎம் வென்றது என்பது பிழை, ஆப்பிள் மூடி வைத்தது என்பது கணினிக்குக் கணினி மாறுவது, ஆப்பிள் தோற்றது என்பது எந்த ஆண்டில் நின்று பார்க்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. பாடநூல்களும் வணிக இதழ்களும் பல ஆண்டுகளாக இதையே அச்சிட்டு வருவதால் குற்றம் தம்பியுடையது அன்று. ஆனால் அதே கட்டுரையின் கடைசி வரியில், "அப்படியானால் ஐபோன் ஏன் தோற்கவில்லை?" என்று கேட்டுவிட்டு, விடை சொல்லாமல் தம்பி பேனாவை மூடியிருக்கிறார். இரண்டாம் பத்தியை அடியோடு கவிழ்க்கக்கூடிய அந்தக் கேள்விக்காகவே இக்கடிதம் எழுதப்படுகிறது.

முதலில் சொற்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. பிறர் தம் நிரலையோ கருவியையோ அதன்மேல் கட்டி எழுப்ப இடம் தரும் பொருளே இங்குத் தளம் எனப்படுகிறது. இணையதளம், இயங்குதளம், விற்பனைத்தளம் என எல்லாவற்றுக்கும் அச்சொல்லை ஒட்டிவிட்ட பழக்கம், தம்பியின் கட்டுரையில் ஒரே பக்கத்தில் மூன்று வேறு பொருள்களில் அதை வரவழைத்திருக்கிறது. "திறந்த" என்ற அடைமொழி அதைவிட மோசமாகத் தேய்ந்துபோயிருக்கிறது. ஒரு பொருளின் உள்ளமைப்பை எவரும் படிக்கலாம் என்பது ஒன்று; அதே பொருளை எவரும் செய்து விற்கலாம் என்பது மற்றொன்று; அதனோடு எவரும் தம் பொருளை இணைக்கலாம் என்பது முற்றிலும் வேறொன்று. தமிழில் கணிமைப் பணி செய்வோர் "கட்டற்ற மென்பொருள்" என்றும் "திறந்த மூலம்" என்றும் இரு சொற்களை வேறுபடுத்தி வழங்கும்போது, அந்த வேறுபாட்டைக் கல்லூரிக் கட்டுரைகள் மட்டும் கண்டுகொள்ளாமல் போவதற்கு நியாயம் எதுவும் இல்லை.

இனி ஐபிஎம் கணினிக்கு வரலாம். 1981 ஆகஸ்ட் 12 அன்று அறிமுகமான, 5150 என்ற எண் கொண்ட அக்கணினியை, புளோரிடா மாநிலத்துப் போகா ரட்டோன் நகரில் டான் எஸ்ட்ரிட்ஜ் தலைமையில் இயங்கிய சிறு குழு ஏறத்தாழ ஓராண்டுக்குள் செய்து முடித்தது. ஒவ்வொரு உறுப்பையும் தன் ஆலையிலேயே செய்து பழகிய நிறுவனத்துக்கு அந்தக் கெடு போதாது என்பதால், செயலி இன்டெலிடமிருந்தும், வட்டு இயக்கி டாண்டன் நிறுவனத்திடமிருந்தும், அச்சுப்பொறி எப்சனிடமிருந்தும், இயங்குதளம் மைக்ரோசாஃப்டிடமிருந்தும் வாங்கப்பட்டன. ஆகவே தம்பி கருதுவதுபோல் திறந்த மனத்தால் அன்று, அவசரத்தால் பிறந்ததே அந்தத் திறப்பு. கணினியோடு ஐபிஎம் வெளியிட்ட தொழில்நுட்பக் கையேட்டில் மின்சுற்று வரைபடங்கள் முழுமையாக இருந்தன. விரிவாக்க அட்டைகளை எவரும் செய்து உள்ளே செருகிக்கொள்ளலாம் என்ற அளவில் அது உண்மையிலேயே திறந்த பொருள்தான்.

அக்கையேட்டின் முதல் பின்னிணைப்பு எது என்பதைத் தம்பி பார்த்திருக்க வாய்ப்பில்லை. அது பயாஸ் என்னும் நிரலின் முழுப் பட்டியல். மின்சாரம் வந்தவுடன் முதலில் விழித்தெழுந்து, நினைவகத்தையும் விசைப்பலகையையும் வட்டையும் சோதித்து, பின்னர் கணினியை இயங்குதளத்தின் கையில் ஒப்படைக்கும் சிறு நிரலே பயாஸ். அதன்பின்னும் திரையில் ஓர் எழுத்தை இடுவது முதல் விசையைப் படிப்பது வரை இயங்குதளம் கேட்கும் சில்லறை வேலைகளையெல்லாம் அதுவே செய்து கொடுக்கும். அழிக்க முடியாத ரோம் சில்லு ஒன்றில் பதிக்கப்பட்ட அதன் மொத்த அளவு 8 கிலோபைட். இக்கடிதத்தின் தமிழ் எழுத்துகளை இணையத்தில் வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் அதைப் போல் பல மடங்கு இடம் பிடிக்கும். பட்டியலின் தொடக்கத்திலேயே, பதிப்புரிமை ஐபிஎம் 1981 என்று பொருள்படும் சுருக்க எழுத்துகள் ஒரு நிரல்வரியாகவே வைக்கப்பட்டிருக்கின்றன. அந்தச் சொற்கள் காகிதத்தில் மட்டுமின்றிச் சில்லுக்குள்ளும் பதிந்திருந்தன. வேறெவர் படிக்காவிட்டாலும் கணினித்துறை மாணவர்கள் ஒருமுறையேனும் அந்தப் பின்னிணைப்பைப் புரட்ட வேண்டும் என்பது இதை எழுதுபவரின் நெடுநாள் பிடிவாதம். ஒவ்வொரு வரியின் எதிரிலும் குறிப்பெழுதி வைத்திருக்கும் அந்த ஒழுங்கு இன்றைய நிரலாளர் பலரிடம் காணக்கிடைப்பதில்லை.

எல்லாவற்றையும் வெளியில் வாங்கிய ஐபிஎம், தனக்கென்று வைத்துக்கொண்ட பூட்டு இந்த 8 கிலோபைட்தான். பட்டியலை அச்சிட்டுக் கொடுத்ததால் பூட்டு திறந்துவிடவில்லை; மாறாக, படித்தவர் எவரும் அதே வேலையைச் செய்யும் நிரலை எழுதினால், பார்த்து எழுதியதாக வழக்குத் தொடுக்க வழி பிறந்தது. அத்தகைய வழக்கு எப்படி முடியும் என்பதை 1983இல் ஆப்பிள் நிறுவனம் காட்டிவிட்டது. ஆப்பிள் 2 கணினியைப் போன்ற ஒன்றை விற்ற பிராங்க்ளின் நிறுவனம், ஆப்பிளின் நிரல்களை அப்படியே எடுத்துப் பயன்படுத்தியது. ஆப்பிள் நிரலாளர் ஒருவரின் பெயர் பிராங்க்ளின் கணினியின் நிரலுக்குள்ளும் அழிக்கப்படாமல் கிடந்தது சான்றாகக் காட்டப்பட்டது. சில்லில் உறையும் இயங்குதள நிரலுக்கும் பதிப்புரிமை உண்டு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. திருடியவர் வீட்டில் திருட்டுப் பாத்திரம், அதுவும் பெயர் வெட்டிய பாத்திரமாகவே அகப்பட்ட கதை அது.

ஆனால் பதிப்புரிமை காப்பது எழுதிய முறையை மட்டுமே. எழுதப்பட்ட வேலையை அன்று. 1982இல் ஹூஸ்டன் நகரில், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்திலிருந்து விலகிய மூவர் தொடங்கிய காம்பேக், இந்த இடைவெளிக்குள் நுழைந்தது. ஒரு சாரார் ஐபிஎம் பட்டியலைப் படித்து, இன்ன அழைப்பு வந்தால் இன்ன விடை தர வேண்டும் என்று வேலையை மட்டும் விவரித்து எழுதினர். அப்பட்டியலைக் கண்ணாலும் பார்த்திராத மற்றொரு சாரார் அவ்விவரத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு புதிய நிரலை எழுதினர். இரு சாராரும் கலந்து பேசாதபடி காக்கப்பட்ட இம்முறைக்குத் தூய அறை முறை என்று பெயர். நம் உரைமரபை அறிந்தவருக்கு இதை விளக்குவது எளிது: ஒருவர் நூற்பாவைப் படித்துப் பொழிப்புரை மட்டும் எழுத, மூலத்தை அறியாத வேறொருவர் அந்தப் பொழிப்புரையைக் கொண்டு புது நூற்பா யாத்தால், பொருள் மாறாது, சொல் ஒன்றும் ஒட்டாது. நன்னூலின் பாயிரம் நூல்களை முதல், வழி, சார்பு என்று மூன்றாக வகுக்கிறது. காம்பேக்கின் பயாஸை வழிநூல் வரிசையில் வைப்பதற்குத் தடை இருப்பதாகத் தெரியவில்லை. பிராங்க்ளினுக்கு அந்தப் பாயிரத்தில் இடமில்லை. மென்பொருள் பதிப்புரிமை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் சட்ட நூல்கள் பலவும் இறுதியில் வந்து நிற்கும் இடம் இதற்கு வெகு தொலைவில் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பொருள் மாறாமல் இருப்பது சொல்வதற்கே எளிது. அந்நாளில் ஒரு கணினி ஐபிஎம் கணினிக்கு ஈடானதா என்று சோதிப்பவர்கள் லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் நிரலையும் பிளைட் சிமுலேட்டர் என்ற விமான விளையாட்டையும் ஓட்டிப் பார்த்தனர். இவை இரண்டும் வேகத்துக்காக இயங்குதளத்தை ஒதுக்கிவிட்டு வன்பொருளை நேரே தொட்டவை. ஆதலால் எம்எஸ்-டாஸ் என்ற மைக்ரோசாஃப்ட் இயங்குதளம் ஓடும் என்று விளம்பரப்படுத்தப்பட்ட எத்தனையோ கணினிகளில் இவை ஓடவில்லை, அக்கணினிகளும் சந்தையில் நிற்கவில்லை. ஐபிஎம்முக்கு ஏறத்தாழ ஈடு என்பது, சாவி பூட்டுக்கு ஏறத்தாழப் பொருந்துவது போன்றது. 1983இல் விற்பனைக்கு வந்த காம்பேக்கின் பெட்டிக் கணினி இச்சோதனையில் தேறியது. அடுத்த ஆண்டிலேயே பீனிக்ஸ் நிறுவனம் தூய அறையில் எழுதிய பயாஸை விலை கொடுக்கும் எவருக்கும் விற்கத் தொடங்கியபின், தைவானில் எந்தப் பட்டறையும் ஐபிஎம் கணினி செய்யலாம் என்றாயிற்று.

பயாஸ் என்ற பூட்டு உடைந்தபின் மிஞ்சிய பூட்டுகள் இரண்டு. இரண்டின் சாவியும் ஐபிஎம்மிடம் இல்லை. இயங்குதளத்தைப் பிறருக்கும் விற்கும் உரிமையை மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தத்திலேயே தன்னிடம் வைத்துக்கொண்டிருந்தது. 8088 செயலியை வேறு நிறுவனமும் செய்யலாம் என்று முன்பு உரிமம் கொடுத்த இன்டெல், 1985இல் வந்த 386 செயலியைத் தானே செய்வது என்று முடிவு கட்டியது. அந்த 386ஐக் கொண்ட கணினியை 1986இல் ஐபிஎம்முக்கு முன்பாகவே காம்பேக் வெளியிட்டபோது, ஐபிஎம் கணினி என்னும் தளத்தை நடத்திச் செல்வது ஐபிஎம் அன்று என்பது எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. 2005இல் ஐபிஎம் தன் கணினிப் பிரிவை லெனோவாவுக்கு விற்றுவிட்டு விலகியது. ஆகவே, திறந்ததால் தளம் வென்றது என்று தம்பி எழுதியிருந்தால் ஒப்புக்கொள்ளலாம். நிறுவனம் வென்றது என்று எழுதியதுதான் பிழை. தளத்தின் வெற்றியையும் அதைப் பெற்ற நிறுவனத்தின் வெற்றியையும் ஒன்றாகக் கருதும் இந்தக் குழப்பத்தைக் கட்டுரைக்குக் கட்டுரை திருத்திச் சலித்துவிட்டது.

இழந்த பூட்டை ஐபிஎம் மீண்டும் போட்டுப் பார்த்த கதையும் உண்டு. 1987 ஏப்ரலில் வெளிவந்த பிஎஸ்/2 கணினிகளில், விரிவாக்க அட்டைகள் பேசிக்கொள்ளும் மின்பாதையை முற்றிலும் மாற்றி, மைக்ரோசானல் என்று பெயரிட்டு, அதைப் பயன்படுத்த விரும்புவோர் உரிமத்தொகை கட்ட வேண்டும் என்றது ஐபிஎம். பழைய பாதையைவிட அது சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் காம்பேக் உள்ளிட்ட ஒன்பது நிறுவனங்கள் 1988இல் ஒன்றுகூடி, பழைய அட்டைகளும் பொருந்துமாறு ஈசா என்ற வேறொரு பாதையை அறிவித்துவிட்டன. மைக்ரோசானல் சில ஆண்டுகளில் மறைந்தது. அதே பிஎஸ்/2 கணினியில் வந்த வேறு இரண்டு பொருள்களைத் தம்பியே கையால் தொட்டிருக்கக்கூடும். பழைய மேசைக் கணினியின் பின்புறத்தில் விசைப்பலகைக்கு ஊதா நிறத்திலும் சுட்டிக்குப் பச்சை நிறத்திலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் வட்டத் துளைகளும், திரையை இணைக்கும் நீலநிற விஜிஏ செருகியும் அந்தக் கணினியிலிருந்து வந்த வடிவங்களே. நிறம் மட்டும் பின்னாளில் சேர்ந்தது. அவற்றைப் பிறர் செய்வதற்கு மைக்ரோசானலைப் போன்ற தடை இல்லாததால், ஐபிஎம் கணினி விற்பனையை விட்டு விலகிய பின்னரும் உலகெங்கும் மேசைகளின் அடியில் அவை இருந்தன. நிறுவனத்துக்கு அவற்றால் என்ன வந்தது என்பது வேறு கேள்வி.

ஆப்பிளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 1977இல் வந்த ஆப்பிள் 2 கணினியில் எட்டு விரிவாக்கச் செருகிடங்கள் இருந்தன. அதை அலுவலகங்களுக்குள் கொண்டுசேர்த்த விசிகால்க் கணக்குத்தாள் ஆப்பிள் செய்ததன்று. 1984இல் வந்த மெக்கின்டோஷில் ஒரு செருகிடமும் இல்லை. மூடியைத் திறக்கவே நீளத் தண்டுள்ள தனித் திருப்புளி வேண்டியிருந்தது. ஆகவே ஆப்பிள் என்ற பெயரைத் திறந்தது, மூடியது என்ற இரண்டு பெட்டிகளில் ஒன்றில் போட்டு அடைப்பதற்கில்லை. தம்பி குறிப்பிட மறந்த நிகழ்ச்சி இதற்குப் பின்னால் வருகிறது: 1995இல் ஆப்பிள் தன் இயங்குதளத்துக்கு உரிமம் கொடுத்து, பவர் கம்ப்யூட்டிங், யூமேக்ஸ், மோட்டரோலா முதலிய நிறுவனங்கள் மெக்கின்டோஷுக்கு ஈடான கணினிகளைச் செய்ய அனுமதித்தது. புதிய வாங்குவோரை அவை கொண்டுவரும் என்று எதிர்பார்க்கப்பட்டது. அவையோ ஆப்பிளின் விலையுயர்ந்த கணினிகளை வாங்கிக்கொண்டிருந்த பழைய வாடிக்கையாளரையே அழைத்துக்கொண்டு போயின. 1997இல் திரும்பிவந்த ஸ்டீவ் ஜாப்ஸ் உரிமங்களை முடித்துவைத்து, பவர் கம்ப்யூட்டிங்கின் மெக்கின்டோஷ் வணிகத்தை 10 கோடி டாலர் மதிப்புக்கு வாங்கி அடைத்தார். பெட்டியை விற்றுப் பிழைக்கும் நிறுவனம் பெட்டி செய்யும் உரிமையைப் பங்கிட்டால் நேர்வது அது. இயங்குதளத்தை விற்றுப் பிழைத்த மைக்ரோசாஃப்டுக்கு அதே பங்கீடு சோறு போட்டது.

மூடியதால் பிழைத்த தளம் ஒன்றைக் காட்டாவிட்டால் இக்கடிதம் ஒருசார்பாகிவிடும். அட்டாரி 2600 என்ற விளையாட்டுக் கருவியில் எவர் செய்த விளையாட்டுப் பேழையும் ஓடும்; தடுப்பதற்கான பூட்டு எதுவும் அதில் வைக்கப்படவில்லை. 1979இல் அட்டாரியிலிருந்து விலகிய நிரலாளர்கள் தொடங்கிய ஆக்டிவிஷன் நல்ல விளையாட்டுகளைச் செய்தது. அதைப் பார்த்து வந்த பலர் குப்பைகளைச் செய்தனர். கடைகளில் தேங்கிய பேழைகள் அடிமாட்டு விலைக்குப் போக, 1983இல் அமெரிக்க விளையாட்டுச் சந்தையே சரிந்தது. அட்டாரி தன்னிடம் தேங்கிய பேழைகளை நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ ஊர்க் குப்பைக்கிடங்கில் புதைத்தது. குப்பையில் அட்டாரி சொந்தமாகச் செய்தவையும் இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டு ஆண்டு கழித்து அதே சந்தைக்குள் வந்த நின்டெண்டோ, ஜப்பானில் விற்ற தன் கருவியில் இல்லாத பூட்டுச் சில்லு ஒன்றை அமெரிக்கக் கருவியில் வைத்தது. கருவியில் ஒரு சில்லும் பேழையில் அதன் இணைச் சில்லும் ஒன்றுக்கொன்று எண்களை ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஒத்துவராவிட்டால் கருவி மீண்டும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். பேழைகளை நின்டெண்டோவே செய்து கொடுத்தது. உரிமம் பெற்றவர் ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுக்கு மேல் வெளியிடக் கூடாது என்றும் வைத்தது. கடைக்காரர்களின் நம்பிக்கை திரும்பியது. விளையாட்டுச் செய்வோர் கசந்துகொண்டே கையெழுத்திட்டனர்.

இப்போது ஐபோன். 2007இல் அது வந்தபோது பிறர் செய்த குறுஞ்செயலி எதையும் அதில் நிறுவ முடியவில்லை. 2008 ஜூலையில் 500 செயலிகளோடு கடை திறக்கப்பட்டது, விற்பனையில் 30 விழுக்காடு ஆப்பிளுக்கு என்பது விதியாயிற்று. செய்யும் உரிமை முழுதும் பூட்டப்பட்டது, இணைக்கும் உரிமை மட்டும் சுங்கச்சாவடியோடு திறக்கப்பட்டது. பயாஸைப் போல் 8 கிலோபைட்டில் உட்கார்ந்திருக்கும் பூட்டு அன்று அது; சில்லு வடிவமைப்பு, இயங்குதளம், கடை ஆகிய எல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்ததால், எந்தத் தூய அறையில் எத்தனை பேர் உட்கார்ந்து எழுதினாலும் அதற்கு வழிநூல் செய்ய இயலவில்லை. தம்பியின் கேள்விக்கு விடை இதுதான். எதிர்ப்பக்கத்தில் இருப்பதாகக் கருதப்படும் ஆண்ட்ராய்டோ, மூல நிரலை எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டு, கடையையும் வரைபடத்தையும் அறிவிப்புச் சேவைகளையும் கூகுளின் கையில் பூட்டி வைத்திருக்கிறது. அந்தக் கடை இல்லாத ஆண்ட்ராய்டை நம்பி 2014இல் அமேசான் வெளியிட்ட பயர் போன் விலைபோகவில்லை. கடை வேண்டுமானால் தேடுபொறியையும் உலாவியையும் சேர்த்தே நிறுவ வேண்டும், கூகுள் ஒப்பாத ஆண்ட்ராய்டு வடிவங்களை விற்கக் கூடாது என்ற நிபந்தனைகளுக்காக ஐரோப்பிய ஆணையம் 2018இல் 434 கோடி யூரோ அபராதம் விதித்தது. இந்தியப் போட்டி ஆணையம் 2022இல் 1,337.76 கோடி ரூபாய் விதித்தது.

திறந்த தளம் என்றால் தமிழுக்கு நல்லது என்று தம்பி போகிறபோக்கில் எழுதிய வரியும் திருத்தத்துக்கு உரியது. ஆண்ட்ராய்டின் தொடக்கப் பதிப்புகளில் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரிந்த காலம் உண்டு. மூடிய மெக்கின்டோஷ் கணினியிலோ முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி எழுத்துரு இயங்குதளத்தோடேயே வருகிறது. மறுபுறம், ஐபோனில் பிறர் செய்த விசைப்பலகையை எல்லாச் செயலிகளிலும் பயன்படுத்த 2014இல் வந்த எட்டாம் பதிப்பு வரை வழியில்லை. ஆண்ட்ராய்டில் அதற்கு வெகு முன்பே, விருப்பமான தமிழ் விசைப்பலகையை நிறுவிக்கொண்டு எங்கும் தட்டச்சிட முடிந்தது.

கட்டுரையின் இறுதியில் இணைத்திருக்கும் அட்டவணையைப் பற்றி ஒரு சொல். அதில் சிம்பியன் என்ற கைப்பேசி இயங்குதளம் திறந்த தளங்களின் வரிசையில் வைக்கப்பட்டு, எதிரில் தோல்வி என்று குறிக்கப்பட்டிருக்கிறது. சிம்பியனின் மூல நிரல் முழுமையாகத் திறக்கப்பட்டது 2010 பிப்ரவரியில். நோக்கியா அதை விட்டு விண்டோஸ் போனுக்கு மாறுவதாக அறிவித்தது 2011 பிப்ரவரியில். பத்தாண்டுக்கும் மேலாக வாழ்ந்த ஒரு தளத்தை அதன் கடைசி ஓராண்டின் பெயரால் அழைப்பது முறையன்று. அட்டவணையில் ஆண்டுக்கென ஒரு நெடுவரிசையும், செய்யும் உரிமை யாரிடம், இணைக்கும் உரிமை யாரிடம் என்று இரு நெடுவரிசைகளும் சேர்த்து, திறந்தது மூடியது என்ற பழைய நெடுவரிசையை அடித்துவிட்டு, அடுத்த மாதத்துக்குள் மீண்டும் அனுப்பி வைக்கவும்.